என்.பி.எஸ்.ஸா, யு.பி.எஸ்.ஸா: ஆறு மாதம் நான் பட்ட பாடு

2025 மே மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மத்திய அரசு ஊழியர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸிலேயே தொடர்கிறார்களா, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்.ஸுக்கு மாறுகிறார்களா என்று ஜூன் 30க்குள் தெரிவிக்க வேண்டும். ஒன்றும் சொல்லாதவர்கள் என்.பி.எஸ்.ஸிலேயே இருப்பார்கள். படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு, தாளை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். முடிய நவம்பர் ஆயிற்று. ஆறு நாள் விடுப்பு, இரண்டு சென்னைப் பயணம், தண்டமாகக் கொடுத்த 2,500 ரூபாய், எண்ண முடியாத அளவுக்குத் தூங்காத இரவுகள். இதைப் பற்றி முன்னாலேயே யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்கு என் கதையோடு ஒட்டியது. என் கணவர் மத்திய அரசில் 1996இல் சேர்ந்தவர். 2009இல் இறந்துபோனார். மகளுக்கு அப்போது ஆறு வயது. கருணை அடிப்படையில் 2010 ஜூன் மாதம் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது, வயது 36. அவர் 2004க்கு முன் சேர்ந்தவர் என்பதால் அவருடைய குடும்ப ஓய்வூதியம் பழைய விதிப்படி மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. அதற்காக யாரும் என்னிடம் விருப்பம் கேட்கவில்லை, சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான் பார்த்ததும் இல்லை. 2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்த எனக்கோ, சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடித்து ஏதோ ஒரு நிதியில் போடுகிறார்கள். ஒரே வீட்டில் ஒரே அரசின் இரண்டு காலம். பிடித்தம் என்று சம்பளச் சீட்டில் ஒரு வரி இருக்கும். பதினைந்து ஆண்டுகளாக அந்த வரியை நான் கண்ணால் கடந்து போனேனே தவிர, பணம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அலுவலகத்தில் ஆளுக்கொரு பேச்சு. "அக்கா, யு.பி.எஸ். என்றால் பாதிச் சம்பளம் பென்ஷன், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்றான் ஒரு தம்பி. "கையில் வருகிற லட்சங்களை விட்டுவிட்டு மாதக் காசுக்குப் போவார்களா மேடம்?" என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு ஆசிரியை தன் பங்குக்குக் குழப்பினார். அவர் மாநில அரசு ஊழியர். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அப்போது சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் தனியாக இருந்தது. அதன் விதி எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. இதை உணர எனக்கு இரண்டு மாலை நேரத் தேநீர் தேவைப்பட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் மாநில அரசிலும் ஒருவர் மத்திய அரசிலும் இருந்தால், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்.

ஜூனில் நான் செய்த முதல் முட்டாள்தனம், ஓய்வூதிய ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்தது. அழகான வண்ணங்களில் ஒரு கணக்குத் தாள் அனுப்பினார். என்.பி.எஸ்.ஸில் இருந்தால் ஓய்வின்போது கோடியைத் தாண்டும் என்று கண்டிருந்தது. இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள் என் மகள்தான் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள்: ஆண்டு வருமானம் 12 விழுக்காடு, பணிக்காலம் 30 ஆண்டு. நான் ஓய்வு பெறுவது 2034 மே 31. முப்பது ஆண்டு என்னிடம் எங்கே இருக்கிறது? முழுதாக 24 ஆண்டுகூட வராது. அதோடு எங்களைப் போல எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தவர்களின் பணத்தில் பங்குச் சந்தைக்குப் போவது அப்போது 15 விழுக்காடு வரைதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் அரசுப் பத்திரமும் கம்பெனிக் கடன் பத்திரமும். அதற்கு 12 விழுக்காடு என்று போட்டவர் என் கணக்கை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. யார் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: உங்கள் பணிக்காலம் எத்தனை மாதம், எத்தனை விழுக்காடு வளரும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் பொய்யானால் மற்றது எல்லாம் வண்ணம்.

பிறகு நானே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். என்.பி.எஸ். எளிது. அந்த ஜூனில் என் அடிப்படைச் சம்பளம் 31,400, அகவிலைப்படி 55 விழுக்காடு, ஆக 48,670. அதில் பத்து விழுக்காடு, 4,867 ரூபாய் என் பங்கு. அரசு போடுவது 14 விழுக்காடு, 6,814 ரூபாய். 2019 ஏப்ரலுக்கு முன் அரசின் பங்கும் பத்துதான். ஓய்வு நாளில் சேர்ந்திருக்கும் தொகையில் 60 விழுக்காடு வரை கையில் வாங்கலாம். குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆனுவிட்டி வாங்க வேண்டும், அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்து மாதத் தொகை பெற வேண்டும். அந்த மாதத் தொகையில்தான் என் மனம் நின்றது. வழக்கமான ஆனுவிட்டியில் அறுபது வயதில் வருவதுதான் எண்பது வயதிலும் வரும். அரிசி விலை அப்படி நிற்குமா?

யு.பி.எஸ்.ஸில் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி ஓய்வூதியம், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். கேட்க இனிக்கிறது. ஆனால் முழுப் பாதி கிடைப்பது 25 ஆண்டு, அதாவது 300 மாதம், பணி முடித்தவர்களுக்கு. எனக்கு வருவது 287 மாதம். சம்பளக் குழு எதையும் கணக்கில் சேர்க்காமல், ஆண்டுக்கு ஒரு ஊதிய உயர்வு மட்டும் வைத்துப் பார்த்தால் கடைசிச் சராசரி 40,900. அதில் பாதி 20,450. அதை 287ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் சுமார் 19,560. "பாதிச் சம்பளம்" என்ற பேச்சில் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் ரூபாய் ஆவியாகிவிட்டது, அதுவும் முதல் வரியிலேயே. கருணை அடிப்படையில், வயது கடந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த வகுத்தலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பத்து ஆண்டாவது முடித்தவர்களுக்குக் குறைந்தபட்சம் மாதம் 10,000 உண்டு. பத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. 25 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வில் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பணம் வரத் தொடங்குவது நீங்கள் வேலையில் இருந்திருந்தால் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்பீர்களோ அந்த நாளிலிருந்துதான். எங்கள் பிரிவில் ஒருவர் ஐம்பதில் வீட்டுக்குப் போய்த் தோட்டம் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதைக் காட்டியதும் தோட்டம் தள்ளிப்போயிற்று. ராஜினாமா செய்தவர்களுக்கு யு.பி.எஸ்.ஸில் இந்த ஓய்வூதியமே கிடையாது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. யு.பி.எஸ்.ஸில் என் பெயரில் சேரும் பணம் ஓய்வு நாளில் என் கைக்கு வராது; பொது நிதிக்குப் போய்விடும். அதற்குப் பதிலாகத்தான் மாத ஓய்வூதியம். வேண்டுமானால் 60 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த விகிதத்துக்கு ஓய்வூதியமும் குறையும். என் கணக்கில் அரசு போடுவதும் 14இலிருந்து பத்துக்கு இறங்கும். இன்னொரு எட்டரை விழுக்காட்டை அரசு பொது நிதியில் போடும், அது என் கண்ணில் படாது. ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு மொத்தத் தொகை உண்டு. எனக்கு 47 அரையாண்டு, ஆக 4.7 மாதச் சம்பளம். ஓய்வு பெற்றவர் இறந்தால் ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு குடும்பத்துக்கு என்கிறார்கள். அந்தக் "குடும்பம்" என்பது ஓய்வு நாளில் இருக்கும் சட்டப்படியான கணவன் அல்லது மனைவி. எனக்கு யார் இருக்கிறார்? ஓய்வு பெற்ற மறு ஆண்டே நான் போய்விட்டால், என் மகளுக்கு மாதத் தொகை என்று ஒன்றும் வராது. அலுவலகத்தில் எல்லோரும் அந்த 60 விழுக்காட்டைப் பெரிய லாபமாகப் பேசிக்கொண்டிருந்த மேசையில் நான் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தனியாக இருப்பவர்கள், துணையை இழந்தவர்கள், இந்த ஒரு வரியை உங்கள் நிலைமையோடு வைத்துப் படியுங்கள். அடுத்தவருக்கு லாபமானது உங்களுக்கு வெறும் காகிதமாக இருக்கலாம்.

இதற்கிடையில் கடைசித் தேதி செப்டம்பர் 30க்குத் தள்ளிப்போனது. எல்லோரும் பெருமூச்சு விட்டுச் சுற்றறிக்கையை மறந்தார்கள். நானும் மறந்திருப்பேன். ஆனால் யு.பி.எஸ். விதியில் ஒரு சொல் மண்டையில் மாட்டிக்கொண்டது: அளவுகோல் தொகை. மாதம் தவறாமல் சந்தா கட்டி, நடுவில் எடுக்காமல், வழக்கமான முதலீட்டிலேயே வைத்திருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்குமோ அதுதான் அந்த அளவுகோல். ஓய்வு நாளில் நம் கணக்கில் இருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால், நாம் ஈடுகட்டாத பட்சத்தில், ஓய்வூதியம் அதே விகிதத்தில் குறையும். 2021இல் மகளைக் கல்லூரியில் சேர்க்க நான் 70,000 ரூபாய் எடுத்திருந்தேன். சொந்தச் சந்தாவில் 25 விழுக்காடு வரை எடுக்கலாம் என்றார்கள், எடுத்தேன். அது அப்படியே போகட்டும், அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை படித்தது. மற்றபடி என் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரான் எனப்படும் ஓய்வூதியக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே நுழைந்து, பதினைந்து ஆண்டுப் பரிவர்த்தனைப் பட்டியலை அச்செடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் உட்கார்ந்து, மாதத்துக்கு ஒரு வரி என்று பென்சிலால் எண்ணிக்கொண்டு வந்தேன். 2012 ஏப்ரல் இருந்தது. அடுத்த வரி அக்டோபர். திரும்ப எண்ணினேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஐந்தும் இல்லை. அந்த மே மாதம்தான் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றலாகி வந்தேன். புது அலுவலகத்தோடு என் கணக்கை இணைக்கத் தாமதமாகியிருக்கிறது. சம்பளத்தில் பிடித்தார்கள், கணக்கில் ஏற்றவில்லை. என் பங்கு 6,694 ரூபாய், அரசின் பங்கும் அதே 6,694. தொகை சிறிதுதான், ஆனால் பதின்மூன்று ஆண்டு வட்டியோடு பார்த்தால் நாற்பதாயிரம் பக்கம். எடுத்த எழுபதாயிரமும் இதுவும் சேர்ந்தால், என் தோராயக் கணக்கில் ஓய்வூதியத்தில் ஐந்து விழுக்காடு, மாதம் ஆயிரம் ரூபாய் போகும். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பாதி என் மேலேயே. ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் 2013இலேயே ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும்.

விடுபட்டதை ஏற்றச் சொன்னபோது, பிடித்ததற்குக் கணக்கு அலுவலகத்தில் ஆதாரம் கேட்டார்கள். கணவரின் பெட்டியைத் திறந்தேன். இரும்புப் பெட்டி, அவருடைய ஓய்வூதிய உத்தரவும் என் நியமன உத்தரவும் அதில்தான் இருக்கின்றன. 2012இன் சம்பளச் சீட்டுகளில் மூன்று கிடைத்தன. மேயும் ஜூனும் மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தன. ஜூலைச் சீட்டின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எட்டாம் வாய்ப்பாடு. மகள் அப்போது நாலாம் வகுப்பு. எட்டேழு ஐம்பத்தாறு என்பதை ஐம்பத்தெட்டு என்று எழுதி, அடித்து, மறுபடியும் ஐம்பத்தெட்டு என்றே எழுதியிருந்தாள். வீட்டில் தாள் இல்லாத நாளில் நான்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஆகஸ்டும் செப்டம்பரும் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு மாதத்துக்கு எனக்குக் கைகொடுத்தது 2012-13ஆம் ஆண்டின் படிவம் 16. வருமான வரிக்காக அலுவலகம் கொடுக்கும் தாள். அதில் 80சிசிடி பிரிவின் கீழ் அந்த ஆண்டு முழுவதும் பிடித்த தொகை இருக்கும். கணக்கில் ஏறியதை அதிலிருந்து கழித்தால் ஏறாதது எவ்வளவு என்று வந்துவிடும். அதையும் ஒப்புக்கொள்ளாமல் சம்பளப் பட்டியலின் நகலைக் கேட்டார்கள். எங்கள் அலுவலகப் பதிவறையில் இரண்டு மதியம் தேடினோம். சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பதிவேடு, ஓரமெல்லாம் எலி கடித்தது. என் பெயருக்கு நேரே இரண்டு மாதப் பிடித்தமும் தெளிவாக இருந்தன. என்னோடு தேடிய தம்பி சந்தேகத்தில் தன் பட்டியலையும் எடுத்துப் பார்த்தான். அவனுக்கு 2016இல் ஒரு மாதம் இல்லை. சம்பளச் சீட்டு, படிவம் 16, இடமாற்ற உத்தரவு மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இடம் மாறிய ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று மாத வரவைப் பாருங்கள். பணம் தொலைவது பெரும்பாலும் அந்த இடுக்கில்தான்.

சென்னையில் இருக்கும் கணக்கு அலுவலகத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவை சம்பந்தப்பட்டவர் விடுப்பு. வாசலில் டீ குடித்துவிட்டு அதே இரவு ரயில் ஏறினேன். கேட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன், வாருங்கள் என்றுதான் சொன்னார்கள். இரண்டாம் தடவை ஓர் இளைஞர் பொறுமையாகக் கேட்டார். 2004 முதல் 2012 வரை ஏறாமலோ தாமதமாகவோ போன சந்தாவுக்கு வட்டியோடு ஈடு செய்ய 2019இலேயே அரசு உத்தரவு இருப்பதை நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். வெறும் கையோடு போய் நியாயம் பேசுவதைவிட உத்தரவின் நகலை மேசைமேல் வைப்பது நல்லது. குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. ஜூலைச் சீட்டை வாங்கிப் புரட்டியவர், "மேடம், இரண்டு பக்கமும் நகல் எடுக்கவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தேர்வு செய்ய எனக்கு உதவியது ஆகஸ்ட் கடைசியில் வந்த ஒரு விளக்கம். யு.பி.எஸ்.ஸுக்குப் போனவர்கள் ஒரே ஒரு முறை என்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பலாம், ஓய்வுக்கு ஓர் ஆண்டுக்கு முன்பு வரை. விருப்ப ஓய்வென்றால் மூன்று மாதத்துக்கு முன்பு வரை. திரும்பினால், அரசின் பங்கில் இடைக்காலத்தில் குறைந்த நான்கு விழுக்காட்டையும் கணக்குப் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. என்.பி.எஸ்.ஸில் தங்கிவிட்டவர்களோ கடைசித் தேதிக்குப் பின் யு.பி.எஸ்.ஸுக்கு வர முடியாது. ஆக ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல், இன்னொன்றுக்கு ஒரே வாசல். 2033 மே மாதம் என் உடம்பு எப்படி இருக்கும், மகள் எந்த நிலையில் இருப்பாள், சந்தை என்ன சொல்லும் என்பதெல்லாம் இன்று தெரியாது, அன்று தெரியும். அன்று முடிவெடுக்கும் உரிமையை இன்றே விட்டுக்கொடுப்பானேன்? மகளிடம் சொன்னேன். "அம்மா, எனக்கு எதுவும் விட்டுவைக்க வேண்டாம், உங்களுக்கு மாதாமாதம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பேச்சு பெரிய மனுஷி மாதிரி. அவளுக்காக முடிவெடுக்கவில்லை, ஆனாலும் அந்தப் பேச்சு இரவில் தூங்க வைத்தது.

வயது முப்பதில் இருப்பவர்கள், இன்னும் முப்பது ஆண்டு பணம் வளர நேரம் இருப்பவர்கள், என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் என்.பி.எஸ்.ஸில் இருந்தே பங்குச் சந்தைக்குப் போகும் விகிதத்தைக் கூட்டிக்கொள்ளலாம், எல்.சி. 25, எல்.சி. 50 (25 அல்லது 50 விழுக்காடு வரை பங்குச் சந்தையில் போடும் முறைகள்) என்ற பெயரில் அந்த வசதி 2019 முதல் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது 2025இல்தான்.

கடைசித் தேதி மறுபடியும் நவம்பர் 30க்குத் தள்ளியது. நான் 21ஆம் தேதி யு.பி.எஸ்.ஸுக்கு விருப்பம் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டுவிடாமல், எங்கள் சம்பள அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பிவிட்டாரா என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டேன். 70,000 ரூபாயை ஓய்வுக்கு முன் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்ட வேண்டும். மகள் தன் சம்பளத்தில் பாதி கட்டுவதாகச் சொல்கிறாள், பார்க்கலாம். விடுபட்ட ஐந்து மாதத்தில் மூன்று மாதத்தின் தொகை வட்டியோடு டிசம்பரில் ஏறியது. ஆகஸ்டும் செப்டம்பரும் "பரிசீலனையில்" இருக்கின்றன. ஆதாரமாகக் கொடுத்த சீட்டுகளில் மே, ஜூன் திரும்பி வந்துவிட்டன. ஜூலைச் சீட்டு கோப்பிலேயே இருக்கிறதாம். நகலை வைத்துக்கொண்டு மூலத்தை அனுப்பும்படி தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.